சீனா ரயிலு, தைவான் ஸ்டேஷனு

பெரிய உத்தியோகத்துக்குப் படிக்கிற பேராண்டி, கொஞ்சம் நில்லு. வர்த்தகக் கொள்கை, தேசப் பாதுகாப்பு, தொழிலாளி, கடையில வாங்குறவன், இந்த நாலு பேருக்கும் எப்படி நியாயம் பண்றதுன்னு தலகாணி கனத்துக்குப் பொஸ்தகம் படிச்சு ஏன் கண்ணைக் கெடுத்துக்கறே? பொம்மசந்திராவுல மெட்ரோ ஏறு. ஆர்.வி. ரோடு வரைக்கும் 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். உன் பாடம் மொத்தமும் அந்த மஞ்சள் லைன்லயே கிடக்கு. டிக்கெட்டு மட்டும் உன் காசு. பென்ஷன் இல்லாத கெழவன்கிட்ட அதையும் கேட்டுடாதே.

ஏறுறதுக்கு முன்னாடி போர்டைப் படி. வெறும் பொம்மசந்திரான்னு இருக்காது, ‘டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா’ன்னு இருக்கும். டெல்டா தைவான் கம்பெனி. காசு கொடுத்து ஸ்டேஷனுக்குப் பேரு போட்டுக்கிட்டாங்க. பக்கத்து ஸ்டேஷன் பயோகான் பேருல, அதுக்கு முந்தி ஒண்ணு தள்ளி இன்ஃபோசிஸ் பவுண்டேஷன் பேருல. சரி, ஊருக்கு முன்னாடி கம்பெனி, இப்ப அதான் மரியாதை. ஆனா உள்ள வந்து நிக்கிற ரயிலு யாரு போட்ட டிசைனுன்னு கேளு. சீனா! சீனாவும் தைவானும் கடலுக்கு நடுவுல கப்பலை நிறுத்தி மொறைச்சுக்கறாங்கன்னு டீக்கடைப் பேப்பர்ல படிக்கிறோம். இங்க என்னடான்னா தைவான் போர்டுக்குக் கீழ சீனா ரயிலு சத்தமில்லாம கதவைத் தொறக்குது. சிக்னல் ஜெர்மனி சீமென்ஸோடது. ஏறி உக்காருறவன் தர்மபுரிக்காரன், ஆனேக்கல்காரன், ஒடிசாக்காரன். உலக வர்த்தகம்னா என்னன்னு கேட்டா இந்தப் பெட்டியைக் காட்டினாப் போதும்.

இந்த ரயிலு வந்த கதை இருக்கே, அது ஒரு கல்யாணக் கதை. 2019 கடைசியில பெங்களூரு மெட்ரோக்காரங்க 216 பெட்டிக்கு சீனாவோட சிஆர்ஆர்சி கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தாங்க. 1,578 கோடி ரூபா. பெரும்பாலான பெட்டியை இந்தியாவுலயே செய்யணும்னு கண்டிஷன். அதாவது தட்டு மாத்தியாச்சு. 2020 ஏப்ரல் 17-ம் தேதி டில்லியிலேருந்து ஒரு காயிதம் வருது: நம்ம நில எல்லையை ஒட்டின நாட்டுக்காரன் இங்க முதல் போடணும்னா சர்க்காரு அனுமதி வேணும். ஜூன்ல கல்வான் எல்லையில சீனாக்காரனோட மோதல். ஜூலையில இன்னொரு உத்தரவு: சர்க்காரு டெண்டர்ல அந்த நாட்டுக்காரன் சேரணும்னா முன்கூட்டியே பதிவும் பாதுகாப்பு அனுமதியும் வேணும். தட்டு மாத்தின பொறவு ஜாதகம் பாக்க உக்காந்தாங்க. பொருத்தம் இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. மாப்பிள்ளையை வேணாம்னு அனுப்பவும் இல்ல, வாங்க மாப்பிள்ளைன்னு உள்ள கூப்பிடவும் இல்ல. வாசத்திண்ணையிலயே உக்கார வச்சுட்டாங்க.

ஆந்திரா ஸ்ரீசிட்டியில ஃபேக்டரி போடுற பேச்சு பேச்சாவே போச்சு. கடைசியில மேற்கு வங்காளத்து டிட்டாகர் கம்பெனியைக் கூட்டு சேத்து அங்க செய்யலாம்னு ஆச்சு. அதுக்கும் சீனாவுலேருந்து இன்ஜினியருங்க வந்து வேலை காட்டிக் கொடுக்கணும். விசா இழுத்துச்சு. மெட்ரோக்காரங்க நோட்டீஸ் மேல நோட்டீஸ் விட்டாங்க, பேங்க் கேரண்டியை எடுத்துக்குவோம்னு மெரட்டினாங்க. மொதல் ரயிலு 2024 பிப்ரவரியில சென்னைத் துறைமுகத்துல எறங்கி, டிரெய்லர் மேல ஏறி, ரோட்டு வழியா ஹெப்பகோடி டெப்போவுக்கு வந்து சேந்துச்சு. ஆளை ஏத்திப் போக வேண்டிய ரயிலு லாரியில சொகுசா படுத்துக்கிட்டு வந்த அதிசயத்தை ஓசூர் ரோட்டுக்காரன் பஸ் படிக்கட்டுல தொங்கிக்கிட்டே பாத்தான். டிட்டாகர்ல செஞ்ச மொத ரயிலு வர 2025 ஆச்சு. பிரதமர் வந்து கொடியாட்டினது 2025 ஆகஸ்ட் 10. சுமார் 7,160 கோடி ரூபா லைன்ல ஓட்டறதுக்கு அன்னிக்கு இருந்தது மூணே மூணு ரயிலு, 25 நிமிஷத்துக்கு ஒண்ணு. தூணும் பாலமும் எப்பவோ ரெடியாகி, புறா மட்டும் இலவசமா போய்வந்துக்கிட்டு இருந்துச்சு.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன். கல்வான்ல செத்தது 20 பேரு. ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அதுல ஒருத்தரு. அதை வச்சு எனக்கு நையாண்டி வராது. எல்லையில ரத்தம் சிந்தினப்புறம் யார்கிட்ட வாங்கறோம், என்ன வாங்கறோம்னு யோசிக்காத நாடு நாடே இல்ல. என் கேள்வி வேற. அந்த ரயிலு நாட்டுக்கு ஆபத்துன்னா ஆர்டரைக் கிழிச்சுப் போட்டு அன்னிக்கே வேற ஆளைப் பாத்திருக்கணும். ஆபத்து இல்லன்னா விசாவைக் கொடுத்து வேலையை முடிச்சிருக்கணும். ரெண்டும் பண்ணாம இழுத்ததுல எந்த ஆபத்துடா நீங்குச்சு? கடைசியில வந்தது அதே டிசைன் ரயிலுதானே? தடுக்கல, லேட்டா வரவச்சோம். அந்த லேட்டுக்கு வட்டி கட்டினவன் டில்லியிலயும் இல்ல, பீஜிங்லயும் இல்ல. சில்க் போர்டு ஜங்ஷன்ல நின்னான். ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் லேட்டுன்னு அரை நாள் சம்பளம் வெட்டுப்பட்டவன் அவன். நெஞ்சுவலிக்காரரை நாராயணா ஹிருதயாலயாவுக்குக் கூட்டிக்கிட்டு வந்து கூட்லு கேட்டுல ஹாரன் அடிச்சவன் அவன். அவன் பேரு எந்தப் பாதுகாப்பு ஃபைல்லயும் இருக்காது.

இப்ப யோசனைக்கு வர்றேன். நீ சீக்கிரம் பெரிய ஆளாகணும்னா நான் சொல்றபடி நட.

மொத யோசனை: கதவைச் சாத்தும்போது ஊரே கேக்குற மாதிரி சாத்து, கொல்லைப்புறத்தைத் தொறந்தே வை. 2020 ஜூன் 29-ல டிக்டாக்கோட சேத்து 59 ஆப்புக்குத் தடை. டி.வி. பொட்டியைத் தூக்கி ரோட்டுல போட்டு ஒடைச்சவங்களை நீயும் பாத்திருப்பே. சரி, அப்புறம் சரக்கு வர்றது நின்னுச்சா? 2019-20-ல சீனாவுலேருந்து நாம வாங்கினது சுமார் 6,500 கோடி டாலருக்கு. 2024-25-ல 11,300 கோடி டாலரைத் தாண்டிடுச்சு. மருந்துக் கம்பெனிக்கு மூலப்பொருள், செல்போனுக்குள்ள போற சில்லு, சோலார் தகடு, மிஷினு, எல்லாம் அங்கேருந்துதான். இந்த வட்டாரத்துல மாத்திரை செய்யற கம்பெனிங்க எத்தனை இருக்கு! நாட்டுக்குள்ள இறக்குமதி ஆகுற மருந்து மூலப்பொருள்ல சுமார் மூணுல ரெண்டு பங்கு சீனாவுலேருந்துதான்னு சர்க்காரே ஒத்துக்கிட்டு, உள்ளூர்ல செய்யறவனுக்கு 2020-லேருந்து ஊக்கத்தொகை கொடுக்குது. ஆக, நடனமாடுற ஆப்பு ஆபத்து. காய்ச்சல் மாத்திரைக்கு அவனை நம்பறது மட்டும் ஆபத்து இல்லையாக்கும்! ஆப்பைத் தடை பண்ண ஒரு கையெழுத்துப் போதும். மாத்திரைக்கு ஃபேக்டரி கட்டணும், பத்து வருஷம் ஆகும், அதுக்குள்ள ரெண்டு எலக்‌ஷன் வந்துடும். நீ ஆப்பையே பிடிச்சுக்கோ.

ரெண்டாவது யோசனை: சாத்தறவன் நாம மட்டும்தான்னு நெனச்சுக்கோ. எதிராளிக்கும் கதவு இருக்குன்னு பொஸ்தகத்துல எங்கயாவது போட்டிருந்தா அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடு. 2025 ஏப்ரல் 4-ல சீனா ஒரு சின்ன உத்தரவு போட்டுது. அருமண் வகையில ஏழு தனிமமும், அதுல செய்யற காந்தமும் வெளிய போகணும்னா லைசன்ஸ் வேணும்னு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டாரைப் பிரிச்சு உள்ள பாத்திருக்கியா? நம்ம பையனுங்க ஷெட்டுல பிரிச்சப்ப நான் எட்டிப் பாத்தேன். ரோட்டார் சுத்தியும் வெள்ளி மாதிரி பளபளன்னு பட்டை பட்டையா ஒட்டியிருக்கும், வெரல் அகலம்கூட இருக்காது. ரெண்டு பட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னா பிரிக்கறதுக்குள்ள வெரல் தோலு போயிடும். அந்தத் துண்டுப் பட்டை வரலன்னா வண்டியே கெடையாது. புனேல பஜாஜ்காரங்க ஆகஸ்ட்ல எலெக்ட்ரிக் வண்டி உற்பத்தி சுத்தமா நின்னாலும் நிக்கும்னு வெளிப்படையாவே சொன்னாங்க. இங்க அத்திப்பள்ளியைத் தாண்டினா ஓசூரு. டிவிஎஸ், ஏத்தர் எல்லாம் அங்கதான் எலெக்ட்ரிக் வண்டி செய்யறாங்க. பெரிய கம்பெனி ஒரு நாள் லைனை நிறுத்தினா பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் அவனுக்குப் பிரஸ் பார்ட்டு அடிச்சுக் கொடுக்கற ஷெட்டுல ஓ.டி. நின்னுடும். மொதல்ல ஓ.டி., அப்புறம் கான்ட்ராக்ட் ஆளு, அப்புறம் ஷெட்டு வாடகை. வரிசை எப்பவும் இதான்.

வேடிக்கை என்னன்னா, அந்த மண்ணு நம்மகிட்டயே இருக்கு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில சர்க்காரு கம்பெனி ஐஆர்இஎல் பல காலமா கடல் மணலை அள்ளிக்கிட்டுத்தான் இருக்கு. மணலை அள்ளத் தெரிஞ்ச நமக்குக் காந்தம் செய்யற வேலையில சீனாக்காரன் அளவுக்குக் கை வரல. அவன் பல வருஷமா நட்டத்தையும் ஊர் மண்ணு கெடறதையும் பொறுத்துக்கிட்டுக் கத்துக்கிட்டான். நாம லைசன்ஸ் உத்தரவு வந்தப்புறம், 2025 நவம்பர்ல 7,280 கோடி ரூபாயில காந்தத் திட்டம் அறிவிச்சோம். நல்ல காரியம், லேட்டானாலும் நல்ல காரியம். ஆனா கிள்ளியூர்ப் பக்கம் புதுசா தோண்டப் போறாங்கன்னதும் ஊர்ச் சனம் எதுக்குது. கதிர்வீச்சு வரும், கேன்சர் வரும், கடற்கரை போயிடும்னு பயப்படுது. அவங்களை தேசத்துரோகின்னு சொல்லிட்டா வேலை சுளுவு. உக்காந்து பேசி, ஆஸ்பத்திரி, சோதனை, நஷ்ட ஈடுன்னு எழுத்துல கொடுக்கறது கஷ்டம். உனக்கு எது சுளுவோ அதையே செய், பிரமோஷன் சீக்கிரம் வரும்.

மூணாவது யோசனை: தொழிலாளியை மேடையில நிறைய சொல்லு, ஃபைல்ல கொஞ்சமா எழுது. சீனாவை விட்டு வர்ற கம்பெனியை நம்ம பக்கம் இழுக்கணும்னு எல்லா மாநிலமும் கம்பளம் விரிச்சுச்சு. கோலார் பக்கம் நரசாபுராவுல ஐபோன் சேத்துக் கொடுக்க தைவான் விஸ்ட்ரான் வந்துச்சு. 2020 டிசம்பர் 12-ம் தேதி காலையில சொன்ன சம்பளம் வரலன்னு ஆளுங்க ஃபேக்டரியை அடிச்சு நொறுக்கிட்டாங்க. அடிச்சது தப்பு, ஒத்துக்கறேன். சம்பளக் கணக்கும் வேலை நேரக் கணக்கும் கோளாறா இருந்தது நெசம்னு அப்புறம் விசாரணையில வந்துச்சு. ஆப்பிள்காரனே புது ஆர்டரை நிறுத்தி வச்சான். பொறவு 2023-ல அந்த ஃபேக்டரியை டாடா வாங்கிக்கிச்சு. அதே 2023-ல கர்நாடகா சட்டசபையில ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் ஷிப்டு போடலாம்னு சட்டத்தைத் திருத்தினாங்க. நம்ம தமிழ்நாட்டுலயும் ஏப்ரல்ல அதே மாதிரி நிறைவேத்தி, எல்லாரும் எகிறினதும் மே தினத்தன்னிக்கு வாபஸ்னு சொன்னாங்க. தொழிலாளிக்கு மே தினப் பரிசு, அவன்கிட்டயே எடுத்ததை அவனுக்கே திருப்பிக் கொடுத்தது!

சனம் சும்மா இருக்கும்னும் நெனைக்காதே. 2016 பிப்ரவரியில பி.எஃப்.ல முதலாளி போட்ட பங்கை 58 வயசுக்கு முன்னாடி எடுக்க முடியாதுன்னு டில்லியில ஒரு அறிவிப்பு. கார்மெண்ட்ஸ்ல தைக்கற பொம்பளைங்களுக்கு அந்த பி.எஃப்.தான் பொண்ணு கல்யாணம், வீட்டு அட்வான்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம். 58 வயசு வரைக்கும் எந்தக் கண்ணு ஊசி கோக்கும்? ஏப்ரல் 18-ம் தேதி பொம்மனஹள்ளியில ரோட்டுக்கு வந்தாங்க. ஓசூர் ரோடு அப்படியே நின்னுச்சு. மறுநாளும் நின்னுச்சு. ஏப்ரல் 19-ம் தேதியே அறிவிப்பு வாபஸ். ஐ.டி.க்காரன் கார் ரெண்டு நாள் நின்னப்புறம்தான் தையக்காரியோட பி.எஃப். டில்லிக்குத் தெரிஞ்சுது.

அந்தப் பொம்பளைங்களைத்தான் 2025-ல அமெரிக்காக்காரன் வரியும் தேடி வந்துச்சு. ஆகஸ்ட் 27-லேருந்து நம்ம சரக்குல பலதுக்கு மொத்தம் 50 சதவீதம்னு போட்டான். பாதி வரி எதுக்குன்னா, நாம ரஷ்யாவுல எண்ணெய் வாங்கினதுக்காம். எண்ணெய் வாங்கினது யாரோ, சட்டைக்குக் காலர் தைக்கறவ தலையில விழுந்துச்சு. அவனும் தேசப் பாதுகாப்புன்னுதான் பேசறான். 2018-ல பக்கத்து வீட்டுக் கனடாவோட இரும்பே அமெரிக்காவுக்கு ஆபத்துன்னு வரி போட்டவன் அவன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டா! நம்ம சர்க்காரு உடனே இறக்குமதிப் பருத்திக்கு 11 சதவீத வரியை அந்த வருஷம் முடியற வரைக்கும் எடுத்துவிட்டுது. திருப்பூரும் பெங்களூரும் மூச்சு விட்டுச்சு. பருத்தி வெள்ளாமை வச்சவன், ‘அறுப்பு நேரத்துலயா என் வெலையை ஒடைப்பே?’ன்னு கேட்டான். ரெண்டு பேரு சொல்றதும் நியாயம். அதான் இந்த வேலையோட வம்பு. ஒருத்தனுக்குப் போர்த்தற போர்வையை இன்னொருத்தன் மேலேருந்துதான் உருவணும். யார் மேலேருந்து உருவறோம்னு அவன்கிட்ட முகம் பாத்துச் சொல்றவன்தான் ஆம்பிளை அதிகாரி, இல்ல பொம்பளை அதிகாரி.

நாலாவது யோசனை: வாங்குறவனைக் கண்டுக்காதே. அவனுக்குச் சங்கம் கெடையாது. 2023 ஆகஸ்ட் 3-ல லேப்டாப்பு இறக்குமதிக்கு லைசன்ஸ்னு திடீர்னு ஒரு உத்தரவு. பாதுகாப்புதான் காரணம்னாங்க. வியாபாரிங்க கத்தினதும் மறுநாளே நவம்பருக்குத் தள்ளினாங்க. கடைசியில இறக்குமதியை ஆன்லைன்ல சொல்லி அனுமதி வாங்கிக்கிட்டாப் போதும்னு முடிஞ்சுது. ஒரு ராத்திரியில முளைச்ச ஆபத்து ஒரு பகல்ல மூணு மாசம் காத்துக்கிட்டு இருக்க சம்மதிச்சுதுன்னா, அது எவ்வளவு மரியாதை தெரிஞ்ச ஆபத்து பாரு.

எல்லாமே அப்படின்னு சொல்லல. நல்லது நடந்தா கெழவன் நல்லதுன்னு சொல்லுவான். பொம்மையை எடுத்துக்கோ. 2019-ல டில்லிப் பக்கம் கடையில வாங்கிச் சோதிச்ச பொம்மையில மூணுல ரெண்டு பங்கு பாதுகாப்புச் சோதனையில தேறல. கொழந்தை வாயில வச்சுக் கடிக்கற சாமான்! 2020-ல வரியை 20-லேருந்து 60 சதவீதம் ஆக்கினாங்க, அப்புறம் 70. 2021 ஜனவரியிலேருந்து பிஐஎஸ் முத்திரை இல்லாம விக்கக் கூடாதுன்னும் சொன்னாங்க. மைசூர் ரோட்டுல சன்னபட்ணத்துல கடைசல் மரப்பொம்மை செய்யறவங்களை இந்தச் சோதனைச் செலவு முழுங்கிடுமேன்னு யோசிச்சு, பதிவு பண்ணின கைவினைக்காரங்களுக்கும் புவிசார் குறியீடு வாங்கின பொருளுக்கும் விலக்கும் கொடுத்தாங்க. கொழந்தைக்கு நல்லது, கைவேலைக்காரனுக்கு நல்லது. என்ன பண்றோம், எதுக்குப் பண்றோம்னு தெளிவா இருந்துச்சு. அதே மாதிரி தெருவுல மாட்டற சிசிடிவி கேமராவுக்கு 2025 ஏப்ரல்லேருந்து உள்ள இருக்கற சாஃப்ட்வேரையும் சேத்துச் சோதிக்கணும்னாங்க. என் வீட்டு வாசலை எவனோ எட்டி நின்னு பாக்கறது எனக்கும் பிடிக்காது, அது நியாயமான பயம். சோதனைச் சாலையை முன்னாடியே பெருக்கி வச்சுட்டுச் சட்டத்தைக் கொண்டு வந்தா சின்ன வியாபாரி செத்துப் போக மாட்டான், அவ்வளவுதான்.

இப்ப கிண்டலை மூட்டை கட்டி வச்சுட்டு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நாளைக்கு உன் மேசைக்கு ஒரு தடை உத்தரவு கையெழுத்துக்கு வரும். நாட்டுக்காகன்னு தலைப்புப் போட்டிருக்கும். படிக்கறப்பவே உடம்பு சிலிர்க்கும். சிலிர்க்கட்டும். அப்புறம் பேனாவை மூடி வச்சுட்டு மூணு கேள்வி கேளு. இதுக்குச் செலவு யாரு கணக்குல? எந்தத் தேதி வரைக்கும்? அந்தத் தேதிக்குள்ள உள்ள நாம என்ன கட்டி முடிக்கப் போறோம்? மூணுக்கும் பதில் இருந்தா போடு கையெழுத்து, உலகமே எதுத்தாலும் நில்லு. தேதி இல்லாத தடை யாரோ ஒரு முதலாளிக்குச் சொத்து. உள்ள வேலை நடக்காத தடை வெறும் விலையேத்தம். செலவு யாரோடதுன்னு எழுதாத தடையை ஓசூர் ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கறவன்தான் கட்டுவான். தடையால ஒருத்தன் வேலை போகும்னு தெரிஞ்சா, அவன் சம்பளத்துக்கு வழி என்னன்னு அதே உத்தரவுலயே ஒரு பாரா எழுது. அடுத்த உத்தரவுல பாத்துக்கலாம்னா அந்த அடுத்தது வராது. நடுவுல மாட்டின பழைய ஒப்பந்தத்தை என்ன பண்றதுன்னும் அன்னிக்கே முடிவு பண்ணு. 2024-லதான் டில்லிக்கே புத்தி வந்து, ஊக்கத்தொகை வாங்கற கம்பெனிங்களுக்கு வேண்டிய வெளிநாட்டு டெக்னீஷியனுக்குச் சீக்கிரமா விசா கொடுக்க வழி பண்ணாங்க. அதை 2020-லயே பண்ணியிருந்தா மஞ்சள் லைன் எப்ப ஓடியிருக்கும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. கணக்குல நீ புலி, எனக்கு மிச்சச் சில்லறை எண்ணத்தான் தெரியும்.

ஆனா ஒண்ணு, அதிகாரி ஆகறதுக்கு முன்னாடி நீயும் கூட்டத்துல ஒருத்தன்தானே. மேடையில எவனாவது நாட்டுக்காகன்னு தொண்டை கிழியப் பேசினா கை தட்டு, தப்பே இல்ல. தட்டி முடிச்ச கையோட சட்டைப்பையையும் ஒரு தடவை தடவிப் பாத்துக்கோ.